போனுக்கு என்ன வயசு

“இதுக்கு மொதமொதல்ல எப்பம் உசுரு குடுத்தாங்கன்னு பாத்துச் சொல்லணும்” என்று கொம்பையா போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தபோது, கடைப்பெண் ஜெசிமா முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். ரிப்பேரா அய்யா என்று கேட்டாள். ரிப்பேர் இல்லை, வயசு பார்க்க வேண்டும் என்றார். புதுசு என்று சொல்லிக் கொடுத்தது, புதுசுதானா, இல்லை வேறு யாரோ புழங்கிச் சலித்த பிறகு தன் தலையில் கட்டினார்களா, அது தெரிந்தாக வேண்டும். யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகன் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும், அதைச் சொல்லக் கூச்சமாகவும் இருந்திருக்கும், சொல்ல வேண்டும் என்று நாக்கு துடிக்கவும் செய்தது. பெட்டி இருக்கா என்றாள். இருந்தது. துணிக்கடைப் பைக்குள் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், மனைவி மாரித்தாய் கண்ணில் படாமல். பெட்டியின் முதுகில் இருக்கிற நீள நம்பரைக் கம்பெனியின் சைட்டில் போட்டால் போன் முதன்முதலாக ஓட ஆரம்பித்த தேதியை அதுவே காட்டிவிடும் என்று சொல்லிக்கொண்டே ஜெசிமா கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். தட்டி முடித்ததும் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இன்னைக்கு ரொம்ப மெதுவா இருக்குய்யா, உக்காருங்க என்று ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். போனில் சார்ஜ் மூன்று சதவீதம்தான் இருந்தது, அதையும் ஒரு வயரில் மாட்டினாள்.

வட்டம் சுற்றியது. கொம்பையா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கோவில்பட்டி மெயின் ரோட்டில் மூன்று மணி வெயில், பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே நின்றது, எதிர்க்கடையில் யாரோ கரும்பு பிழிகிற சத்தம். தேதி வரட்டும். தேதி வந்துவிட்டால் அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்ல வேண்டும், வாய்ச்சொல்லாகப் போனால் இல்லை என்பான். ஞாயிற்றுக்கிழமை பேச்சிமுத்து புது வீட்டில் பால் காய்ச்சுகிறான். அப்பா வந்து முதலில் வலதுகாலை எடுத்து வைக்க வேண்டும் என்று போன வாரம் வந்து சொல்லிவிட்டுப் போனான். வைக்கலாம். காலை வைக்கிற இடத்தில் இந்தப் போனை வைத்து, தாளையும் வைத்து, உம் பொண்டாட்டி தொட்டுத் தேச்சுப் போட்டத எனக்குப் புதுசுன்னு குடுத்தியேடே, உன் வீடாவது புதுசுதானா என்று எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பால் பொங்கும் முன்பே திரும்பி நடக்க வேண்டும். அந்தக் காட்சியை ஒரு வாரமாக அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சில நாள் அவன் அழுகிறான். சில நாள் மருமகள் அனுசியா தலையைக் குனிகிறாள். மாரித்தாயிடமும் சொல்லிவிட்டார், இது பழசு என்று தெரிந்தால் உன் மகன் வாசலை மிதிக்க மாட்டேன், ஒருத்தியைத் தலைமுழுகினவனுக்கு இன்னொருத்தனைத் தலைமுழுக எவ்வளவு நேரம் ஆகும் என்று. அவள் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். அது கொஞ்சம் உறுத்தியது.

சந்தேகம் வந்தது சும்மா வரவில்லை. பெட்டியில் மேல்தாள் ஒட்டு கிழிந்திருந்தது. கண்ணாடி மேல் ஒட்டியிருந்த தாளுக்கடியில் கடுகளவு காற்றுக்குமிழ். அனுசியா கையில் அதே வாரம் ஒரு புதுப் போன், நீல நிறம். இதெல்லாம்கூட விட்டுவிடலாம். அவர் விரலை இது ஏற்கவே இல்லை. பேச்சிமுத்து அவருடைய கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினான், ஆள்காட்டி விரலை அழுத்தினான், இடதுகையைக்கூட விடவில்லை, ஒவ்வொரு தடவையும் போன் உடம்பை உதறிக்கொண்டு மாட்டேன் என்றது. கடைசியில் சலித்துப்போய், பூட்டே வேண்டாம், சும்மா தள்ளினாலே திறந்துக்கிடும் என்று வைத்துக் கொடுத்தான். அப்போதே கொம்பையாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு கைக்குப் பழகினது இன்னொரு கைக்கு வராது. வாங்கின வீட்டுக் கறவைமாடு முதல் நாள் உதைக்கிற மாதிரிதான். வேறு விரலை அறிந்து வைத்திருக்கிறது இது. மெல்லிய விரல், பொம்பளை விரல். ஐம்பது வருஷம் புரோட்டாக் கல்லில் நின்றவனுக்கு நேற்றைய மாவு எது, இன்றைய மாவு எது என்று தெரியாதா. துணியை விலக்க வேண்டாம், மேலே ஒரு விரல் வைத்தால் போதும். நேற்றைய மாவு வைத்த விரலை விடாமல் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். எத்தனை தடவை சின்னப் பையன்கள் பழசைப் புதுசோடு சேர்த்துப் பிசைந்து ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். அவரையா. மாவில் ஏமாறாதவர் மகனிடம் ஏமாறுவதா.

வட்டம் நிற்கவில்லை. ஜெசிமா வேறொரு போனின் வயிற்றைத் திறந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசி மாதிரி ஒன்றால் எதையோ நிமிண்டிக்கொண்டிருந்தாள். என்ன நிதானம். செண்பகமும் இப்படித்தான் நாக்கை ஓரமாக மடித்துக்கொண்டு எழுதுவாள். சே, அந்தப் பெயர் எங்கே வந்தது இப்போது. பெயரை வீட்டுக்குள் சொல்லக் கூடாது என்று பதினொரு வருஷமாகச் சட்டம். அவர் போட்ட சட்டம்தான். வெளியே சொல்லிக்கொள்ளட்டும், மனசுக்குள் வந்தால் என்ன செய்வது, மனசுக்குக் கதவா இருக்கிறது. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனாள், அதற்குத்தான் அவருக்குக் கோபம் என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படியே சொல்லிக்கொண்டார், சொல்ல அது லேசாக இருந்தது. உள்ளே கிடந்தது வேறு. அவள் போன அன்று ராத்திரி வியாபாரம், கல் நிறைய புரோட்டா, சால்னா வாளியோடு நின்ற ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவனிடம் கண்ணைக் காட்டினான், இருவரும் அவர் முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள். கல்லாவில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, இலை எடுக்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது, எச்சில் மேசை துடைக்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும் தெரியாது. அவர் புரோட்டா வீசிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அப்பா இப்படி என்று சொல்லியிருந்தால். என்ன செய்திருப்பார். அடித்திருப்பார். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும். கடைக்குப் பின்னால் டிரம்மில் கிடந்த தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார், ஒரு சட்டி, இரண்டு சட்டி, எனக்கு மக இல்ல என்று. தண்ணீரில் வெங்காயத் தோல் மிதந்தது, அது காதோரம் ஒட்டியிருந்ததை வீட்டுக்குப் போன பிறகு மாரித்தாய்தான் எடுத்துப் போட்டாள்.

கொம்பையாவுக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை, ஆனால் வருஷங்கள் மறக்காது. எழுபத்தொன்பது, அண்ணன் கல்யாணம், சொந்தத் தம்பியை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தது. தொண்ணூற்று நாலு, முதலாளி வாடிக்கைக்காரர்கள் முன்னால் கொம்பையா வீட்டு விளக்கு நம்ம எண்ணெயிலதான எரியுது என்று சிரித்தது. இரண்டாயிரத்துப் பதினாலு, இது. சிலர் சாமி பெயரைச் சொல்லிச் சொல்லி மாலைமணியைத் தேய்ப்பது மாதிரி அவர் இவற்றைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார். இப்போது இந்த வருஷத்தையும் சேர்க்க வேண்டியதுதான்.

“வந்திருச்சிய்யா” என்றாள் ஜெசிமா.

கொம்பையா எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. திரையில் பச்சையாய் ஏதோ எழுத்துகள். அவள் விரலை வைத்து வாசித்தாள். இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஆகஸ்ட் பதினேழு. நாலு வருஷம் ஆகிவிட்டது என்றாள். கம்பெனி உத்தரவாதமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதாம். கொம்பையாவுக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. சொன்னேனா, சொன்னேனா என்று யாரிடமோ சொன்னார். நாலு வருஷம். நாலு வருஷம் ஒருத்தி காதில் வைத்துப் பேசி, அரட்டை அடித்து, சமையல்கட்டில் மாவுக்கையோடு தொட்டு, அதன் பிறகு கிழவனுக்கு. பேச்சிமுத்து முகம் கண்முன் வந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை முகமாக வரவில்லை. ஆறு வயசில் கடை வாசலில் நின்றுகொண்டு, முதல் புரோட்டா எனக்குத்தானப்பா என்று கேட்கிற முகமாக வந்தது. இது என்ன நேரங்கெட்ட நேரத்தில் என்று அதைத் தள்ளினார். ஜெயித்தவனுக்கு நெஞ்சு இப்படியா அடைக்கும். அந்தத் தேதிய ஒரு தாள்ல எழுதிக் குடு தாயி என்றார்.

ஜெசிமா எழுதவில்லை. போனைக் கையில் எடுத்து எதையெதையோ தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி சுருங்கியது. தேதி பழசுதான், ஆனால் இது ஓடின போன் இல்லை என்றாள். பேட்டரி மொத்தமாக இதுவரை நாற்பது தடவைதான் ஏறி இறங்கியிருக்கிறதாம். இரண்டு மாதமாக அய்யா வைத்திருக்கிறீர்கள், அதிலேயே முப்பது போயிருக்கும். நாலு வருஷம் ஒருத்தர் புழங்கினால் ஆயிரத்தைத் தாண்டும். சார்ஜ் மாட்டுகிற வாயைக் காட்டினாள், ஒரு கீறல் இல்லை, பொட்டுத் தூசி இல்லை.

“யாரோ வாங்கி, ஒருநாள் தொறந்து, என்னென்னமோ செட் பண்ணி, அப்படியே மூடி வெச்சிருக்காங்க. ஆனா சும்மாவும் போட்டு வைக்கல. நாலஞ்சு மாசத்துக்கு ஒருக்க சார்ஜ் போட்டிருக்காங்க. இல்லன்னா எப்பவோ பேட்டரி செத்திருக்கும்யா. எடுக்காம வெச்சிருந்தாலும் கெட்டுப்போகும்லா.”

கொம்பையா அவள் சொன்னதைப் பாதிதான் கேட்டார். மீதி நேரம், வீட்டில் பீரோவுக்குப் பின்னால் தொங்குகிற ஒரு வெள்ளை வயர் கண்முன் ஆடியது. எப்போதாவது மத்தியானத் தூக்கத்திலிருந்து சீக்கிரம் எழுந்தால் அது தொங்கும். என்னட்டி இது என்றால், கொசுவுக்கு மாட்டுற மிஷினு என்பாள் மாரித்தாய். பட்டப்பகலில் என்ன கொசு, கரண்டைக் கரியாக்குகிறாளே என்று அவர் கத்தியிருக்கிறார். அவள் வயரை உருவிச் சுருட்டிச் சேலை மடிப்புக்குள் வைப்பாள். பீரோச் சாவி எப்போதும் அவள் இடுப்பில். அப்படியானால் பேச்சிமுத்து வாங்கவில்லை. அனுசியா தொடவில்லை. இது நாலு வருஷமாக அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறது, அவர் தலைக்கு நாலடி தூரத்தில், சேலைகளுக்கு அடியில், பிள்ளைத்தாய்ச்சிக்குச் சோறு போடுவது மாதிரி அவள் அவ்வப்போது கரண்டு ஊட்டிக்கொண்டு. ஏன். ஆகஸ்ட். அந்த வருஷம் ஆகஸ்ட். ஆனி மாதம்தான் அவர் கல்லுக்கு முன்னால் மயங்கி விழுந்தார், கரண்டியைப் பிடித்தபடியே, அதோடு புரோட்டா வேலை முடிந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ், எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாள். ஒன்று ஒத்துக்கொள்ளாது. முன்னே ஒரு தடவை தீக்கொப்புளம் பழுத்து ஊசி போட்டதில் முகம் பானையாக வீங்கிச் சாகப் பிழைக்கக் கிடந்தார். அந்த மருந்தின் பெயரை அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த செண்பகம் ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி, எங்கன போனாலும் இது பையில இருக்கணும்ப்பா என்று சட்டைப் பையில் வைத்தாள். சட்டையைத் துவைக்கத் துவைக்கச் சீட்டு மாவாகிப் போகும், அவள் புதுசு எழுதி வைப்பாள். அவள் போன பிறகு எழுத ஆள் இல்லை. நர்ஸ் கேட்டபோது நாக்கு எழவில்லை, பெயர் தெரிந்தாலல்லவா எழும். மாரித்தாய் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். யாரிடமோ போனை வாங்கிப் பேசுவது கேட்டது. திரும்பி வந்து மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பித்தாள். படிக்காதவள் எப்படி இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருந்தாள் என்று அவர் மயக்கத்தில் பெருமைப்பட்டது நினைவிருக்கிறது. பெருமைப்பட்டிருக்கிறார், மடையன்.

“அய்யா, உங்க பேரு கொம்பையாங்களா?”

அவர் பெயரைச் சொல்லவே இல்லை. ஜெசிமா போனை அவர் பக்கம் திருப்பினாள். ஆபத்து நேரத்தில், போன் பூட்டியிருந்தாலும் மற்றவர்கள் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் இருக்கும், அதில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்றாள். எழுத்து சின்னதாக இருந்தது. அவருக்கு வாசிக்க வராது என்பதை அவள் கண்டுகொண்டாளோ என்னவோ, தானே மெதுவாக வாசித்தாள். பெயர் கொம்பையா. ரத்தம் ஓ பாசிட்டிவ். பென்சிலின் ஊசி போடக் கூடாது, போட்டால் மூச்சு அடைக்கும். ஆபத்துக்குக் கூப்பிட வேண்டியவர், செண்பகம்.

“உறவுன்னு ஒரு கட்டம் இருக்குய்யா. அதுல மகள்னு போட்டிருக்காங்க.”

எதிர்க்கடையில் கரும்பு மிஷின் நின்றுவிட்டிருந்தது. மாவாகாத சீட்டு. துவைத்தாலும் போகாத சீட்டு ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறாள். அவள் அனுப்பினது என்று தெரிந்தால் இவர் தெருவில் எறிவார் என்று மாரித்தாய் எடுத்து வைத்திருக்கிறாள். அவருடைய பழைய பட்டன் போன் செத்த அன்றைக்கு மகன் கையில் கொடுத்து, நீ வாங்கினேன்னு சொல்லிக் குடு என்று. அவன் பாவம், கட்டின பொய்யைச் சுமந்துகொண்டு அவர் விரலைப் பிடித்துப் பிடித்து அழுத்தியிருக்கிறான், இரண்டு மாதமாக அவர் மூஞ்சியைத் திருப்பியதையும் வாங்கிக்கொண்டிருக்கிறான். இந்த ஒன்று மட்டும்தானா. பிளாஸ்க். நாள் முழுக்கச் சுக்குத்தண்ணி சூடு ஆறாத பிளாஸ்க், மகளிர் குழுவில் கொடுத்தார்கள் என்றாள். முழங்காலுக்கு மாட்டுகிற உறை, இதோ இப்போதும் வேட்டிக்குள் மாட்டியிருக்கிறாரே, தள்ளுபடியில் எடுத்தேன் என்றாள். அளவு எப்படிச் சரியாக இருந்தது. மார்கழிக்குப் போடுகிற பனியன், நரம்புக்குத் தேய்க்கிற தைலம், கண்ணாடிக்கூடு. மகளிர் குழு அப்படி என்ன அள்ளியா கொடுக்கும். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் புழங்கியிருக்கிறார். மேலே ஒரு விரல் வைத்தால் தெரியும் என்கிற விரல். தலைமுழுகின மகள் உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள், வெங்காயத் தோல் மாதிரி, அவருக்குத்தான் தெரியவில்லை. மறுபடியும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவருக்கு மட்டும் தெரியாது. கோபம் வர வேண்டிய இடம்தான் இது. அவர் கொஞ்ச நேரம் அதற்காகக் காத்துக்கூட நின்றார்.

ஜெசிமா கேட்டாள், இவங்க நம்பர் இப்படியே இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா என்று. சிலர் பழைய ஆளை எடுத்துவிடச் சொல்வார்களாம்.

“கெடக்கட்டும்” என்றார் கொம்பையா. பிறகு, எதற்கோ கோபப்படுகிறவர் மாதிரி, “அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்றார்.

போனைப் பூட்டாமல் வைத்திருக்கக் கூடாது, விரலை வைத்துத் தருகிறேன் என்று அவள் அவர் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விரல் நுனியைத் தடவிப் பார்த்தாள். கல்லுல வேலையா அய்யா என்றாள். ரேகையே இல்லையே, வழுவழுவென்று தேய்ந்து கிடக்கிறதே, இது எந்தப் போனுக்கும் எடுக்காது, ரேஷன் கடையிலும் உங்களுக்கு எடுக்காதே என்றாள். ஆமாம், எடுக்காது. ரேஷன் கடைக்காரன் வேண்டுமென்றே அலைக்கழிக்கிறான் என்று அவன்மேலும் ஒரு வருஷம் எழுதி வைத்திருந்தார். அப்படியென்றால் போன் யார் விரலுக்கும் பழகியிருக்கவில்லை. இவர் விரல்தான் யாருக்கும் பிடிபடாமல் இருந்திருக்கிறது. நாலு நம்பர் சொல்லுங்க, அத வெச்சுப் பூட்டுறேன், மறக்காத நம்பரா சொல்லுங்க என்றாள். மறக்காத நம்பருக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. எழுபத்தொன்பது வந்தது. தொண்ணூற்று நாலு வந்தது. பதினாலு வந்து வாய்வரை நின்றது. இதை ஒவ்வொரு தடவையும் தட்டித்தான் போனைத் திறக்க வேண்டுமா என்று நினைத்தார். நாளைக்கு, நாளை மறுநாள், சாகிறவரை. திரையில் பச்சை எழுத்துகள் அப்படியே இருந்தன.

“பதினேழு, எட்டு” என்றார். “நீ இப்பம் வாசிச்சியே, அது.”

தாள் ஏதும் வாங்காமல் தெருவில் இறங்கி, வேப்பமரத்து நிழலில் நின்று, தேய்ந்த விரலால் ஒன்று, ஏழு, பூச்சியம், எட்டு என்று அழுத்தினார். திறந்துகொண்டது. வீட்டு நம்பருக்கு அடித்தார். மாரித்தாய் எடுத்ததும், எங்க போயிட்டீக, சோத்த மூடி வெச்சிருக்கேன் என்று ஆரம்பித்தாள். போன் பெட்டி இல்லாததைக் கண்டிருப்பாளோ, குரல் ஒரு மாதிரி இருந்தது. கேட்க வேண்டியது நிறைய இருந்தது. நாலு வருஷம், பதினொரு வருஷம், பிளாஸ்க், வயர். எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

“ஏட்டி, ஞாயித்துக்கெழம பேச்சிமுத்து எத்தன மணிக்குப் பால் காய்ச்சுதான்?”

“ஒம்பதுக்கு மேல.”

கொம்பையா மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், தெருவில் போகிற யாருக்கும் முகம் தெரியாதபடி.

“தூத்துக்குடியில இருந்து காலைல வார பஸ்சு, இங்கன எத்தன மணிக்கு வந்து சேருது?”

யாரிடமும் கேட்காமல், யோசிக்காமல், நாள் நட்சத்திரம் சொல்லுகிற மாதிரி மாரித்தாய் சொன்னாள்.

“எட்டே காலுக்கு. மழை பெஞ்சா எட்டரை.”